மாணவர் விசாவில் இருக்கும் வீராங்கனை விளம்பரப் பணம் வாங்கலாமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், டெக்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில், டென்னிஸ் அணிக்கான முழு உதவித்தொகையில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். எஃப்-1 விசாவில் இருக்கிறாள். அங்கே பல்கலைக்கழகத்துக்கு அருகிலுள்ள பழச்சாறுக் கடை ஒன்று, இன்ஸ்டாகிராமில் இரண்டு ரீல்ஸ் போட்டு, ஒரு நாள் மாலை கடைக்கு நேரில் வந்து போனால் 1,500 டாலர் தருவதாகச் சொல்கிறது. இங்கே திருப்பூரில், சொந்தப் பெயரில் விளையாட்டு ஆடைகளை விற்கத் தொடங்கியிருக்கும் பனியன் நிறுவனம் ஒன்று, ஜூன் விடுமுறையில் படப்பிடிப்பு, பிறகு ஓராண்டுக்கு 12 ரீல்ஸ், மொத்தம் 3 லட்சம் ரூபாய் என்கிறது. சென்னையில் ஒருவர் மேலாளராக இருப்பதாகச் சொல்லி, 25 சதவீதக் கமிஷனுக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறார். "படிக்கப் போன பெண் முகத்தைக் காட்டிப் பணம் பண்ண வேண்டுமா?" என்று என் கணவர் கோபப்படுகிறார். "டீமில் எல்லோரும் செய்கிறார்கள், சட்டமே அனுமதி கொடுத்துவிட்டது" என்கிறாள் மகள். போன செமஸ்டரில் ஒரு கடை இலவசமாகக் கொடுத்த ஷூவுக்காக அவள் ஒரு ரீல் போட்டிருப்பதும் இப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

– ஒரு தாய், திருப்பூர்

பதில்:

மதிப்புக்குரிய சகோதரிக்கு, வணக்கம்.

அமெரிக்காவில் குடியேற்றச் சட்டத்திலும் விளையாட்டு ஒப்பந்தங்களிலும் வழக்கறிஞராகப் பணிபுரிபவன் என்ற முறையில் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழச்சாறுக் கடையின் பணத்தை உங்கள் மகள் வாங்கக் கூடாது. திருப்பூர் நிறுவனத்தின் ஒப்பந்தத்தை, அதன் சில பிரிவுகளை மாற்றி எழுதச் செய்த பிறகு, ஏற்கலாம். மேலாளரின் தாளில் கையொப்பமிட வேண்டாம். ஷூ ரீல் பற்றி இறுதியில் எழுதியிருக்கிறேன். அதைப் படிக்கும் வரை மகள் அதை அழிக்கவும் வேண்டாம், அதைப் பற்றி யாரிடமும் பேசவும் வேண்டாம். இந்த முடிவுகளுக்குக் காரணம், உங்கள் கணவர் அஞ்சுவதுபோல், ஒழுக்கம் அன்று. எந்த நாட்டு மண்ணில், எந்த விசாவில் இருந்துகொண்டு அந்த வேலையைச் செய்கிறார் என்பதுதான் இங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

ஆனாலும் உங்கள் கணவரின் கேள்வியை நான் தள்ளிவிட விரும்பவில்லை. அதே கேள்வியைத்தான் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. என்ற அமைப்பு நூறாண்டுக்கும் மேலாக வேறு வார்த்தைகளில் கேட்டுக்கொண்டிருந்தது. கல்லூரிக்காக விளையாடுபவர் மாணவர். கல்விக் கட்டணமும் தங்குமிடமும் உணவும் கொடுத்தால் போதும். அதற்கு மேல் ஒரு டாலர் வாங்கினாலும் அவர் விளையாடும் தகுதியை இழப்பார் என்பது அதன் கொள்கை. கேட்பதற்கு உயர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த உயர்வின் செலவு முழுவதையும் மாணவர்கள் மட்டுமே சுமந்தார்கள். பயிற்சியாளர்கள் ஆண்டுக்குப் பல கோடி ரூபாய் சம்பளம் வாங்கினார்கள், தொலைக்காட்சி நிறுவனங்கள் ஒளிபரப்பு உரிமைக்காக இன்னும் பெரிய தொகைகளைக் கொட்டின, பல்கலைக்கழகக் கடைகளில் நட்சத்திர வீரரின் எண் பொறித்த சட்டைகள் விற்றுத் தீர்ந்தன. சட்டையில் உள்ள எண்ணுக்கு உரியவர் மட்டும் உள்ளூர் உணவகத்தில் ஓசியாக ஒரு வேளை சாப்பிட்டால்கூட விசாரணைக்கு உள்ளானார்.

இந்த ஏற்பாடு உடைந்த கதையை உங்கள் கணவர் தெரிந்துகொள்வது நல்லது. 1995-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் அணி தேசியக் கூடைப்பந்துக் கோப்பையை வென்றபோது அதன் முன்னணி வீரராக இருந்தவர் எட் ஓபேனன். கல்லூரியை விட்டு வெளியேறிப் பல ஆண்டுகள் ஆன பிறகு, நண்பர் ஒருவரின் வீட்டில் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்த வீடியோ கேமில் அவர் தம்மையே கண்டார்: அதே 31-ஆம் எண், அதே இடது கை ஆட்டம், அதே மொட்டைத் தலை. பெயர் மட்டும் இல்லை. அந்த விளையாட்டை விற்றவர்களுக்குப் பணம் போயிற்று, என்.சி.ஏ.ஏ.வுக்கும் போயிற்று, அவருக்கு ஒரு காசும் வரவில்லை. 2009-இல் அவர் தொடுத்த வழக்கில், வீரர்களின் பெயருக்கும் உருவத்துக்கும் விலையே இல்லாமல் செய்யும் விதி வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று 2014-இல் நீதிபதி கிளாடியா வில்கன் தீர்ப்பளித்தார். 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியா மாநிலம், விளம்பரப் பணம் வாங்கும் மாணவரைக் கல்லூரிகள் தண்டிக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. மற்ற மாநிலங்களும் வரிசையாகத் தொடர்ந்தன. 2021 ஜூன் 21 அன்று, கல்வி தொடர்பான சலுகைகளுக்கு உச்சவரம்பு விதித்ததை எதிர்த்த வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக என்.சி.ஏ.ஏ.வுக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த பத்தாவது நாள், ஜூலை 1 அன்று, மாணவர்கள் தம் பெயர், உருவம், சாயல் ஆகியவற்றைக் கொண்டு சம்பாதிக்கலாம் என்று அந்த அமைப்பு தன் விதியைத் தளர்த்தியது. அங்கே எல்லோரும் என்.ஐ.எல். என்று சொல்வது இதைத்தான்.

பழைய விதி எவ்வளவு விநோதமானது என்பதற்கு நம் ஆசியாவிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சிங்கப்பூரின் ஜோசப் ஸ்கூலிங் 2016 ரியோ ஒலிம்பிக்கில் 100 மீட்டர் பட்டாம்பூச்சி நீச்சலில் மைக்கேல் ஃபெல்ப்ஸை முந்தித் தங்கம் வென்றார். அவருக்குக் கிடைத்த ஊக்கத்தொகை 10 லட்சம் சிங்கப்பூர் டாலர். அப்போது அவர் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர். ஒலிம்பிக் பதக்கத்துக்குச் சொந்த நாடு தரும் தொகைக்கு விலக்கு இருந்ததால், அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்டு கல்லூரி அணியிலும் தொடர்ந்தார். ஆனால் 2012 லண்டனில் நான்கு தங்கம் வென்ற அமெரிக்கப் பெண் மிஸ்ஸி ஃபிராங்க்ளின், பெர்க்லி கல்லூரி அணியில் நீந்த வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக விளம்பர வாய்ப்புகள் எல்லாவற்றையும் மறுக்க வேண்டியிருந்தது. சென்னையில் பயிற்சி பெற்று வெர்ஜீனியா பல்கலைக்கழகத்துக்காக 2007, 2008 ஆகிய இரண்டு ஆண்டுகளும் ஒற்றையர் பட்டம் வென்ற சோம்தேவ் தேவ்வர்மனும் அந்த விதியின் கீழ்தான் ஆடினார். பணம் வாங்கினால் விளையாட்டின் தூய்மை கெடும் என்றால், ஸ்கூலிங் நீந்திய தண்ணீர் ஏன் கெடவில்லை?

ஆகவே கொள்கை அளவில் நான் முழுமையாக உங்கள் மகளின் பக்கம். ஒருவருடைய பெயரும் முகமும் அவருக்கே உரியவை. அதே பல்கலைக்கழகத்தில் வயலின் படிக்கும் மாணவர் கச்சேரி செய்து சம்பாதிப்பதை யாரும் குறை சொல்லாதபோது, டென்னிஸ் மட்டை பிடித்தவர் மட்டும் துறவு பூண வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் இல்லை. உங்கள் கணவரின் தயக்கத்தில் பெண்பிள்ளை என்ற எண்ணமும் கொஞ்சம் கலந்திருக்கிறது என்று ஊகிக்கிறேன். மகனுக்கு இதே வாய்ப்பு வந்திருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று அவரே நினைத்துப் பார்க்கட்டும்.

இனி மகள் சொல்வதைப் பார்ப்போம். "சட்டமே அனுமதி கொடுத்துவிட்டது" என்பது அவருடைய அமெரிக்கத் தோழிகளைப் பொறுத்தவரை உண்மை. அங்கே பிறந்தவருக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் விளையாட்டு அமைப்பின் விதியும் மாநிலச் சட்டமும் மட்டுமே தடையாக இருந்தன, இரண்டும் விலகிவிட்டன. உங்கள் மகளுக்கு மூன்றாவதாக ஒரு தடை இருக்கிறது. அது மத்திய அரசின் குடியேற்ற விதி, அதில் 2021-க்குப் பிறகு ஓர் எழுத்துகூட இதற்காக மாறவில்லை. எஃப்-1 மாணவர் பல்கலைக்கழக வளாகத்துக்குள், வகுப்புகள் நடக்கும் காலத்தில், வாரத்துக்கு 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வளாகத்துக்கு வெளியே வேலை செய்ய வேண்டுமானால் பொதுவாக அது படிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பயிற்சியாக இருக்க வேண்டும், முன் அனுமதியும் பெற்றிருக்க வேண்டும். பழச்சாறுக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு கேமரா முன் பேசுவதை எந்தப் படிப்புக்கான பயிற்சியாகவும் காட்ட முடியாது.

"இதெல்லாம் வேலையா? இரண்டு நிமிட வீடியோதானே?" என்று மகள் கேட்பார், என்னிடம் வரும் மாணவர்களும் அதையேதான் கேட்கிறார்கள். குடியேற்றச் சட்டத்தின் பார்வையில் கைம்மாறு பெற்றுக்கொண்டு செய்யும் சேவை வேலைதான். கைம்மாறு பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. ஷூவாக, இலவச உணவாக, ஹோட்டல் அறையாகவும் இருக்கலாம். அனுமதியில்லாமல் வேலை செய்ததாகத் தெரிய வந்தால் மாணவர் தகுதி பறிபோகும். அவருடைய பதிவு செவிஸ் என்ற அரசுக் கணினித் தொகுப்பில் முடித்துவைக்கப்படும், உதவித்தொகையும் அணியில் இடமும் அதோடு போகும். அப்போது தெரியாமல் போனாலும் ஆபத்து தீர்ந்துவிடாது. பின்னாளில் அவர் வேறு விசாவுக்கு விண்ணப்பிக்கும்போது, முன்பு எப்போதாவது விசா நிபந்தனையை மீறியிருக்கிறீர்களா என்று படிவத்தில் கேட்பார்கள். 2025 ஜூன் முதல் மாணவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர்கள் தம் சமூக ஊடகக் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும் என்ற நடைமுறையும் வந்திருக்கிறது. சென்னையில் உள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அமர்ந்திருக்கும் அதிகாரி அந்தப் பழச்சாறு ரீலைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்கலாம். 1,500 டாலருக்கு இது மிக அதிக விலை.

இந்த முட்டுச்சந்து உங்கள் மகளுக்கு மட்டும் உரியதன்று. காங்கோவிலிருந்து வந்து கென்டக்கி பல்கலைக்கழகத்துக்காக ஆடிய ஆஸ்கர் ஷிப்வே 2022-இல் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனாலும் மாணவர் விசாவில் இருந்ததால் சக வீரர்களைப்போல் விளம்பரங்களில் நடிக்க முடியவில்லை. அந்த ஆகஸ்ட் மாதம் அணி ஆட்டங்களுக்காக பகாமாஸ் தீவுகளுக்குச் சென்றபோது, அமெரிக்க எல்லைக்கு வெளியே இருந்த அந்தச் சில நாட்களில், அவருடைய விளம்பர வேலைகளை அடுக்கடுக்காக முடித்துக்கொண்டு திரும்பினார்கள். வேடிக்கையாகத் தோன்றினாலும் சட்டப்படி அது தெளிவான வழி: வேலை அமெரிக்க மண்ணில் நடக்கவில்லை, ஆகவே அமெரிக்க வேலை அனுமதி தேவையில்லை. வெளிநாட்டு மாணவ வீரர்களுக்கு விலக்கு அளிக்க 2023-இல் செனட்டர்கள் ரிச்சர்ட் புளூமென்தாலும் பீட் ரிக்கெட்ஸும் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. சாதனையாளர்களுக்கான ஓ-1, சர்வதேச வீரர்களுக்கான பி-1 (P-1) விசாக்களைப் பற்றி யாராவது சொன்னால், அவை முழுநேரப் படிப்போடும் கல்லூரி விளையாட்டோடும் எளிதில் பொருந்தாதவை என்பதையும், செலவும் காலமும் பிடிப்பவை என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாம் ஆண்டு டென்னிஸ் மாணவிக்கு நான் அவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உழைப்பே இல்லாமல் வரும் வருமானம் வேறு வகை. ஏற்கெனவே இருக்கும் புகைப்படத்தைப் பயன்படுத்த உரிமம் கொடுப்பது, சட்டை விற்பனையில் ஒரு பங்கு வருவது போன்றவை வங்கி வட்டியைப்போல வேலையின்றி வருபவை என்று வாதிடலாம்; அப்படி வாதிடும் வழக்கறிஞர்கள் பலர், நானும் அவர்களில் ஒருவன். கல்லூரிக் கால்பந்து வீடியோ கேம் 2024 ஜூலையில் மறுபடி வெளிவந்தபோது, தம் உருவத்தைச் சேர்க்க ஒப்புக்கொண்ட ஒவ்வொரு வீரருக்கும் 600 டாலரும் விளையாட்டின் ஒரு பிரதியும் கிடைத்தன. அவர்கள் செய்த வேலை ஒப்புதல் கொடுத்தது மட்டுமே. ஆனால் இந்த எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குடியேற்றத் துறை எழுத்தில் அறிவிக்கவில்லை. வாதம் வலுவாக இருக்கலாம். தோற்றால் நாடு திரும்ப வேண்டியவர் வாதிட்ட வழக்கறிஞர் இல்லை என்பதையும் மாணவர்கள் மறக்கக் கூடாது.

திருப்பூர் ஒப்பந்தத்துக்கு வருகிறேன். மகள் ஜூன் மாதம் ஊருக்கு வந்து, இந்திய நிறுவனத்துக்காக, இந்தியாவில் நடக்கும் படப்பிடிப்பில் நடித்து, இந்திய வங்கிக் கணக்கில் ரூபாயாகப் பணம் பெற்றால், அமெரிக்க விசா நிபந்தனையை அது தொடாது. சிக்கல் எல்லாம் "பிறகு ஓராண்டுக்கு 12 ரீல்ஸ்" என்ற வரியில் இருக்கிறது. மாதம் ஒன்று என்று கணக்குப் போட்டால் அவற்றில் பெரும்பாலானவற்றை மகள் டெக்சாஸில் உள்ள விடுதி அறையிலிருந்தே எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். கொடுப்பவர் திருப்பூரில் இருந்தாலும் வேலை நடக்கும் இடம் அமெரிக்கா ஆகிவிடும். எனவே பன்னிரண்டையும் ஜூனிலேயே எடுத்துக் கையில் கொடுத்துவிட வேண்டும். அவற்றை நிறுவனம் தன் கணக்கில், தான் விரும்பும் தேதிகளில் வெளியிட்டுக்கொள்ளட்டும். மகளின் கணக்கிலிருந்து பதிவிடுவது, நிறுவனத்தின் பதிவில் இணைப் பதிவாளராகச் சேர்வது, ரசிகர்களின் கேள்விகளுக்கு லைவில் பதில் சொல்வது என்று செமஸ்டர் நடக்கும்போது செய்ய வேண்டிய எந்தக் கடமையும் ஒப்பந்தத்தில் இருக்கக் கூடாது. எல்லாச் சேவைகளும் இந்தியாவில் மட்டுமே, இன்ன தேதியிலிருந்து இன்ன தேதிக்குள் செய்யப்படும் என்று ஒரு பிரிவைச் சேர்க்கச் சொல்லுங்கள். படப்பிடிப்பு நாட்களின் பயணச் சீட்டுகளையும் கால அட்டவணையையும் பத்திரமாக வைத்திருங்கள்.

அடுத்து, நம் ஊர் விளம்பர ஒப்பந்தங்களில் மற்றொன்றைப் பார்த்து அப்படியே எழுதிவிடும் ஒரு வரி உண்டு: படங்களை உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும், நிரந்தரமாகப் பயன்படுத்தும் உரிமை. உங்களுக்கு வந்த தாளிலும் அது இருக்கும் என்றே நினைக்கிறேன். இருந்தால் ஓராண்டு அல்லது ஈராண்டு என்று குறைக்கச் சொல்லுங்கள். இருபது வயதில் 3 லட்சத்துக்குக் கொடுத்த முகம், இருபத்தைந்து வயதில் அவர் நாட்டுக்காக ஆடி, பெரிய நிறுவனம் ஒன்று தேடி வரும்போது, அவிநாசி சாலை ஹோர்டிங்கில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால் அந்தப் புதிய வாய்ப்பு நழுவும்.

வேறு ஆடை எதையும் அணியக் கூடாது என்ற பிரிவையும் நீக்கச் செய்யுங்கள். அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகள் ஏதேனும் ஒரு பெரிய ஆடை நிறுவனத்தோடு ஒப்பந்தம் வைத்திருக்கும். ஆட்டத்திலும் பயிற்சியிலும் அந்த ஆடையைத்தான் அணிய வேண்டும். திருப்பூர் நிறுவனத்துக்குப் போட்டி நிறுவனத்தின் சட்டையை அணிந்து ஆடியதாகச் சொல்லி அவர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கும் நிலை வரக் கூடாது. அதேபோல் பல்கலைக்கழகத்தின் பெயர், சின்னம், அணிச் சட்டை, மைதானம் எதுவும் விளம்பரத்தில் தெரியக் கூடாது. அவற்றுக்கு உரிமையாளர் பல்கலைக்கழகம், தனி உரிமம் வேண்டும். "அமெரிக்காவில் டென்னிஸ் ஆடும் நம்ம ஊர்ப் பெண்" என்று எழுதலாம். பல்கலைக்கழகத்தின் பெயரைப் போடக் கூடாது. விசாவுக்கோ விளையாடும் தகுதிக்கோ கேடு வரும் என்று தெரிந்தால், வாங்கிய பணத்தைத் திருப்பாமல் விலகிக்கொள்ளும் உரிமையும் மகளுக்கு இருக்க வேண்டும். நிறுவனம் இதற்குத் தயங்கலாம். வேலை முடிந்த அளவுக்கான தொகையை வைத்துக்கொள்ளலாம் என்ற அளவிலாவது பேசி முடியுங்கள்.

ஒப்பந்தத்தைப் பல்கலைக்கழகத்திடம் சொல்ல வேண்டுமா என்றால், சொல்லியே ஆக வேண்டும். 600 டாலரோ அதற்கு மேலோ மதிப்புள்ள வெளியார் ஒப்பந்தங்களை மாணவ வீரர்கள் உரிய இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். 2025 முதல் பெரிய பல்கலைக்கழகங்களுக்கு இதற்கென்றே கல்லூரி விளையாட்டு ஆணையம் ஒன்றும் வந்திருக்கிறது. உண்மையான வணிக நோக்கம் உண்டா, தொகை சந்தை மதிப்புக்கு ஏற்றதா என்று பார்ப்பார்கள். ஆடை விற்கும் நிறுவனம் ஆடை விளம்பரத்துக்கு 3 லட்சம் ரூபாய் கொடுப்பதில் அவர்களுக்குச் சந்தேகம் வர வாய்ப்பில்லை. கையொப்பமிடுவதற்கு முன்பே பல்கலைக்கழக விளையாட்டுத் துறையில் விதிகள் கடைப்பிடிக்கப்படுவதைக் கண்காணிக்கும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்துக்கு வரைவை அனுப்பிக் கேட்பது நல்லது. டெக்சாஸ் சட்டம் மது, புகையிலை, சூதாட்டம் போன்றவற்றுக்கான விளம்பரங்களை மாணவ வீரர்களுக்குத் தடை செய்திருக்கிறது. அந்த நிறுவனத்துக்கோ அதன் உரிமையாளருக்கோ அப்படிப்பட்ட வேறு தொழில் இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வரியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; ஆனால் கேட்டிருக்க வேண்டும். இந்தியாவில் செய்த வேலைக்கு இந்தியாவில் பெற்ற பணம், மகள் அங்கே வரி நோக்கில் வெளிநாட்டவராகக் கருதப்படும் ஆண்டுகளில், அமெரிக்க வரிக்குள் வராது. எஃப்-1 மாணவர்கள் பொதுவாக முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் அப்படித்தான் கருதப்படுகிறார்கள். ஆனால் வருமானமே இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் 8843 என்ற படிவத்தை அவர் அனுப்ப வேண்டும். முழு உதவித்தொகையில் கல்விக் கட்டணத்துக்கு வரி இல்லை. தங்குமிடத்துக்கும் உணவுக்கும் கொடுக்கும் பகுதிக்கு உண்டு. இந்திய மாணவர்களுக்கு இரு நாட்டு வரி உடன்படிக்கையில் தனிச் சலுகை ஒன்று இருப்பதால் அந்தச் சுமை குறையலாம். பல்கலைக்கழகத்தின் வரி உதவி மையத்தில் அதைக் கேட்கச் சொல்லுங்கள். இந்தியப் பக்கம், நிறுவனம் டி.டி.எஸ். பிடித்துத்தான் பணம் தரும். ஆண்டின் பெரும்பகுதியை வெளிநாட்டில் கழிப்பவர் என்பதால் எந்த விகிதத்தில் பிடிக்க வேண்டும் என்பதை உங்கள் ஆடிட்டர் ஒப்பந்தத்துக்கு முன்பே பார்த்துச் சொல்லட்டும்.

மேலாளரைப் பற்றிச் சுருக்கமாகவே எழுதுகிறேன். விளம்பர வேலைகளுக்கு மட்டும் ஒருவரை அமர்த்திக்கொள்ள மாணவ வீரருக்கு அனுமதி உண்டு. ஆனால் எதிர்காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரராக அவரைப் பிரதிநிதித்துவம் செய்யும் உரிமையும் அதே தாளில் எழுதப்பட்டிருந்தால் கல்லூரியில் ஆடும் தகுதியே போய்விடலாம். ஐந்தாண்டு என்ற காலமே அவர் குறிவைப்பது கல்லூரிக்குப் பிந்தைய வருமானத்தை என்று காட்டிக்கொடுக்கிறது. டெக்சாஸ் உள்ளிட்ட பல மாநிலங்களில் மாணவ வீரர்களின் முகவராக இருக்க மாநில அரசிடம் பதிவு செய்திருக்கவும் வேண்டும். கைக்கு வந்திருப்பது ஒரே ஒப்பந்தம். அதுவும் உங்கள் ஊர்க்காரர் நேராக உங்களிடம் கொண்டுவந்தது. அதில் 75 ஆயிரம் ரூபாயை இடையில் ஒருவருக்குக் கொடுப்பதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

பெரும்பணம் பற்றியும் மகள் கேள்விப்பட்டிருப்பார். 2025 ஜூன் 6 அன்று அதே நீதிபதி வில்கன் ஒப்புதல் அளித்த சமரசத்தின்படி, பழைய வீரர்களுக்கு 280 கோடி டாலர் அளவில் இழப்பீடும், இப்போதைய வீரர்களுக்குப் பல்கலைக்கழகமே நேரடியாகப் பங்கு தருவதும் ஏற்பாடாகியுள்ளன. முதல் ஆண்டுக்கு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் 2 கோடியே 5 லட்சம் டாலர் வரை கொடுக்கலாம். அந்தப் பணத்தின் மிகப் பெரும்பகுதி அமெரிக்கக் கால்பந்துக்கும் ஆண்கள் கூடைப்பந்துக்கும் போகிறது. இழப்பீட்டுப் பகிர்வில் பெண்களுக்கு அநீதி நடந்ததாகச் சொல்லி, பாலினச் சமத்துவத்துக்கான 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி வீராங்கனைகள் சிலர் மேல்முறையீடும் செய்தார்கள். டென்னிஸுக்கு இதில் சிதறும் சில்லறையே மிஞ்சும். அதையும் மாணவர் விசாவில் இருப்பவருக்கு எப்படிக் கொடுப்பது என்று பல்கலைக்கழகங்களே தயங்குகின்றன. இங்கேதான் உங்கள் கணவரின் கவலைக்கு ஒரு நியாயமான உருவம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். வருமானம் தரும் விளையாட்டுகளுக்குப் பணம் ஒதுக்கிய பிறகு, வருமானம் தராத அணிகளைப் பராமரிக்கும் ஆர்வம் நிர்வாகங்களுக்குக் குறைகிறது. டென்னிஸ் அணிகளைக் கலைத்த பல்கலைக்கழகங்களும் உண்டு. மகளின் உதவித்தொகைக் கடிதத்தை எடுத்து, அது எத்தனை ஆண்டுக்கு உறுதி அளிக்கிறது, அணி கலைக்கப்பட்டால் பட்டம் முடியும் வரை தொடருமா என்று படித்துப் பாருங்கள். நான்காண்டுக் கல்விக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் 3 லட்சம் ரூபாய் சிறு தொகை. அந்தக் கடிதத்தில் இருக்கும் வரிகளே உங்கள் குடும்பத்துக்குப் பெரிய ஒப்பந்தம்.

ஜூன் விடுமுறையில் மகள் இங்கே பரிசுத் தொகை உள்ள போட்டிகளிலும் ஆடுவார் என்றால், அதையும் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்திடம் முன்கூட்டியே கேட்கச் சொல்லுங்கள். விளம்பரப் பணத்துக்கான தளர்வு பரிசுப் பணத்துக்கும் தானாகப் பொருந்திவிடாது. வட கரோலினா பல்கலைக்கழக வீராங்கனை ரீஸ் பிரான்ட்மையர், 2021 அமெரிக்க ஓப்பனில் ஆடிப் பெற வேண்டிய பரிசுத் தொகையில் பெரும்பகுதியைக் கல்லூரித் தகுதிக்காக விட்டுக்கொடுக்க நேர்ந்ததை எதிர்த்து 2024-இல் வழக்குத் தொடுத்தார். ஷாம்பு விளம்பரத்தில் நடித்துச் சம்பாதிக்கலாம், பந்தை நன்றாக அடித்துச் சம்பாதிக்கக் கூடாது என்ற அந்த விதியைப்போல அபத்தமான ஒன்றை என் தொழிலில் அதிகம் பார்த்ததில்லை.

பழச்சாறுக் கடைக்கு மகள் எழுத வேண்டிய பதில் எளிது: "உங்கள் அழைப்புக்கு நன்றி. மாணவர் விசாவில் இருப்பதால் அமெரிக்காவில் கைம்மாறு பெற்று விளம்பரம் செய்ய எனக்கு அனுமதி இல்லை." இதை வாட்ஸ்அப்பில் பேசி முடிக்காமல் மின்னஞ்சலில் அனுப்பட்டும். அவர் மறுத்தார் என்பதற்கு அதுவே பின்னாளில் சான்றாக இருக்கும். பணம் வேண்டாம், சும்மா வந்து போங்கள், பழச்சாறு மட்டும் குடித்துவிட்டுப் போங்கள் என்று அவர்கள் சொன்னால், அதையும் மறுக்க வேண்டும்.

இனி அந்த ஷூ. பொருளைப் பெற்றுக்கொண்டு அதற்காக ரீல் போட்டதால், கைம்மாறு பெற்றுச் செய்த வேலை என்று அதைச் சொல்ல இடம் இருக்கிறது. ஒரு ஜோடி ஷூவுக்காக உடனே நடவடிக்கை எடுப்பார்கள் என்று நான் பயமுறுத்தவில்லை. ஆனால் அதை எப்படிக் கையாள்வது என்பதில் பெரும்பாலான மாணவர்கள் நல்ல எண்ணத்தோடு தவறான கதவைத் தட்டுகிறார்கள். வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் இருப்பவர்கள் அன்பாகப் பேசுவார்கள், உண்மையிலேயே உதவ விரும்புவார்கள்; ஆனால் மாணவரின் விசா நிலையை செவிஸில் பதிவு செய்ய வேண்டிய கடமையும் அவர்களுக்குத்தான் இருக்கிறது. பல்கலைக்கழக வழக்கறிஞரின் கட்சிக்காரர் பல்கலைக்கழகம், உங்கள் மகள் இல்லை. ஆகவே முதலில் மகள் பேச வேண்டியது, பல்கலைக்கழகத்தோடு தொடர்பில்லாத, தாமே கட்டணம் கொடுத்து அமர்த்தும் குடியேற்ற வழக்கறிஞரிடம். அவரிடம் சொல்வதை அவர் வெளியே சொல்ல முடியாது. பல பல்கலைக்கழகங்களில் மாணவர் சங்கம் நடத்தும் சட்ட உதவி மையங்கள் உண்டு. அங்கே குடியேற்ற விவகாரங்களைப் பார்க்கிறார்களா, அவர்கள் நிர்வாகத்துக்குக் கட்டுப்பட்டவர்களா என்று கேட்டுவிட்டுப் போகலாம். ரீலை நீக்குவதா, ஷூவைத் திருப்பிக் கொடுப்பதா, பல்கலைக்கழகத்திடம் தெரிவிப்பதா என்பதை அந்த வழக்கறிஞர் சொல்லும் வரிசையில் செய்யட்டும். பதற்றத்தில் தானாக அழித்துவிட்டால் மறைக்க முயன்றதுபோல் தோன்றும். அந்தக் கடையோடு நடந்த உரையாடல்களின் ஸ்கிரீன்ஷாட்கள், ஷூ வந்த தேதி, ரீல் போட்ட தேதி, பணம் எதுவும் வாங்கவில்லை என்பதைக் காட்டும் எதுவாக இருந்தாலும் ஒரே கோப்பில் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். ஜூனில் ஊருக்குப் புறப்படுவதற்கு முன்பே இந்த ஆலோசனை முடிந்திருக்க வேண்டும், ஏனென்றால் திரும்பி நுழையும்போது விமான நிலையத்தில் கேள்வி கேட்கும் அதிகாரியிடம் என்ன சொல்வது என்பதும் அதில் அடங்கும்.